ஊசி போடாத உடம்பு

பேய் என்று ஒன்று இருந்தால், அதன் சிறுநீரகம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பதுவரை தன்னால் ரிப்போர்ட் கொடுக்க முடியும் என்று டேவிட்சன் அறிவித்தான். தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றின் அணு மருத்துவப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்தவன். தைராய்டு, இதயம், எலும்பு என்று வரிசையாகக் கற்றுப் பேய்வரை வந்துவிட்டான்.

அறிவிப்புக்குக் காரணம் அங்கே மூத்த டெக்னீஷியனான எல்சி அக்கா. கேமரா ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் வெறும் படுக்கையை ஒருமுறை ஸ்கேன் எடுப்பார்கள். முடிந்ததும் எல்சி அக்கா, ஆளில்லாத படுக்கையிடம், "முடிஞ்சுதுங்கய்யா, எழுந்திருங்க" என்று கையை நீட்டுவார்.

"யாருக்குக்கா கை குடுக்கறீங்க?"

"ஒரத்தநாட்டுப் பக்கம் விவசாயம் பாத்த ஒரு பெரியவர். வலது கால் முட்டிக்குக் கீழ கிடையாது. ஸ்கேன் நடுவுலயே உசுரு போயிடுச்சு. நான் சொல்றவரைக்கும் ஆடாதீங்கன்னு சொல்லியிருந்தேன். முடிஞ்சுதுன்னு சொல்லவே இல்லையே, தம்பி."

டேவிட்சன் கேன்டீனில் தட்டிலிருந்த இட்லிக்குக் கைகொடுத்து எழுப்பிக் காட்டினான். நல்ல கைத்தட்டல்.

மறுநாள் எல்சி அக்கா வரத் தாமதமாயிற்று. வெறும் படுக்கை ஸ்கேனை டேவிட்சனே எடுத்தான். யாரையும் எழச் சொல்லவில்லை. அதே படுக்கையில் ஏறிப் படுத்துக்கொண்டான். கூடப் படிக்கும் ஃபெபி எலும்பு ஸ்கேன் எடுத்துப் பழக வேண்டும்.

"நல்லா இறுக்கிக் கட்டு ஃபெபி. பேய் வந்தா ஓடிடப் போறேன்."

"உன் வாயக் கட்டத்தான்டா பட்டை இல்ல."

கைகள் விலாவோடு கட்டப்பட்டன. கேமராவின் அகலமான தட்டு பாதத்திலிருந்து தலையை நோக்கி ஊர்ந்தது. படம் எதுவும் வராது என்று இருவருக்கும் தெரியும். இந்தக் கேமரா எதையும் பாய்ச்சாது. ஊசியில் ஏறிய மருந்து உடம்புக்குள்ளிருந்து வீசும் கதிரை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஊசி போடாதவன் அதற்கு இல்லாதவன்.

பக்கத்துத் திரையில் இடது பாதம் ஒன்று தெரிந்தது.

"டேய், உனக்கு ஊசி போட்டாங்களா?"

"இல்லையே."

வலப்பக்கம் வெறும் இருட்டு. முட்டியில்தான் எலும்பு தொடங்கியது.

டேவிட்சன் தன் வலது கால் விரல்களை ஆட்டிப் பார்த்தான். இருந்தன.

இடுப்பு வந்தது. விலா ஒவ்வொன்றாக வந்தது.

படுக்கையின் அகலம் ஓர் ஆளுக்குத்தான்.

சேடை ஓட்டிய வயல்சேற்றின் வாசனை வந்தது. நெஞ்சின் மேல் குளிர்ந்த பாரம் ஒன்று, நெடுக, அசையாமல் கிடந்தது.

"நிறுத்து ஃபெபி!"

"பட்டன அமுக்கிட்டேதான்டா இருக்கேன். நிக்கல!"

தட்டு முகத்துக்கு மேல் வந்து, மூக்கை உரசும் உயரத்தில் தானே நின்றது. ஃபெபி எல்சி அக்காவைத் தேடி ஓடினாள். ஈயக் கதவு தொம்மென்று சாத்திக்கொண்டது.

மூச்சை விட முடிந்தது. திரும்ப இழுக்கத்தான் நெஞ்சில் இடமில்லை.

இருந்த கடைசி மூச்சில் டேவிட்சன் முணுமுணுத்தான்.

"முடிஞ்சுதுங்கய்யா... எழுந்திருங்க."

பாரம் மெல்ல விலகியது. தட்டு மேலே போயிற்று. தனியாகவே திரும்பி ஓடிவந்த ஃபெபி பட்டைகளைப் பிரித்தாள். "வாடா வெளிய!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

டேவிட்சன் கதவுவரை போய் நின்றான். திரும்பி வந்தான். படுக்கையின் ஓரத்தில் கையை நீட்டினான்.

"மெல்லங்கய்யா. கீழ படி இருக்கு."

உள்ளங்கையில் ஐந்து விரல்களின் குளிர் ஏறி, இறுகப் பிடித்துக்கொண்டது.