பாறையில் எழுந்த பகைமுகம்

மேற்கு மலைகளின் பின்னே கதிரவன் சாய்ந்து, முழுமதி கீழ்வானில் தலைநீட்டிய அந்தி வேளையில், நெடுங்குன்றக் கோட்டையை வளைத்தோடிய ஆறு உருக்கிய வெள்ளியாய்ப் பளபளத்தது. ஆற்றின் நடுவே மன்னரின் அலங்காரப் படகு அசைந்துகொண்டிருந்தது. அதை விட்டு, வாசகர்களே, பக்கத்துச் சிற்றோடத்தில் நடுங்கி நிற்கும் பெண்ணைப் பாருங்கள். அவள்தான் சிற்பி அரிஞ்சிகை.

தந்தத்தில் கட்டைவிரல் அளவுப் பதுமைகள் செதுக்கிப் பெயரெடுத்த அவளிடம், முகிலூர்ப் போரில் வென்ற மன்னர் மலைப்பாறை முழுவதையும் ஒப்படைத்திருந்தார். பகை இளவரசன் பரகண்டனைக் காலடியில் வீழ்த்தி மன்னர் நிற்கும் கோலம் வேண்டுமாம். சாரத்தில் ஏறிய முதல் நாளே, மன்னரின் பாதவிரலுக்கெனக் கோடிட்ட பாறைக்கு எதிரே தான் எறும்பாய் நிற்பதைக் கண்டு அழுதபடி இறங்கிவிட்டாள். ஊரைவிட்டே ஓடிவிட ஓடமேறியவளை ஓடக்காரன் சாத்தன் அக்கரை சேர்க்காமல் நடு ஆற்றில் நிறுத்தி, ஒருமுறை திரும்பிப் பார்க்கச் சொன்னான். அங்கிருந்து பார்த்தபோது மலை அவள் உள்ளங்கைக்குள் அடங்கியது. மறுநாள் மீண்டும் சாரம் ஏறினாள். கை காய்த்தது, அச்சம் போகவில்லை, அச்சத்தோடேயே செதுக்கினாள். மாலைதோறும் அவனுடைய ஓடத்திலிருந்து அளவு பார்த்தாள், அவனையும் பார்த்தாள். பரகண்டனை அவள் கண்டதில்லை; வீழ்ந்தவனுக்கு முகம் வேண்டியபோது, சாத்தனிடம் சொல்லாமலே அவன் முகத்தைப் பாறையில் வடித்துவிட்டாள்.

இப்போது, முடிந்த சிற்பத்தை மறைத்திருந்த மூங்கில் தட்டிகள் சரிந்தன. நிலவொளியில் அந்த மாபெரும் முகம் தெரிந்ததும் அவளோடு ஓடத்திலிருந்த சாத்தனின் கையிலிருந்து துடுப்பு நழுவி ஆற்றில் விழுந்தது.

அரசப் படகில் படைத்தலைவர் வயிரமேகர் வெளிறிப்போய் எழுந்தார். "பரகண்டன்!" என்று அலறினார். போரில் அவனைக் கொன்றதாகச் சொல்லிப் பரிசில் பெற்றவர் அவரே. மன்னரின் பார்வை பாறையிலிருந்து சிற்றோடத்துக்கு வந்து, அங்கேயே உறைந்தது.

அரிஞ்சிகை சாத்தனின் பக்கம் திரும்பினாள். "நீர் யார்?"

"கோட்டையை வேவு பார்க்க வந்தேன், தேவி. வந்த வேலையை மறந்து தங்கள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். தாங்கள் வடித்தது பிழையில்லாத முகம். ஆனால் நான் விழவில்லை" என்றவன், வில்லாளர் நாணேற்றுமுன் நீரில் பாய்ந்தான். அம்புகள் அலைகளைத் தைத்தன. நெடுநேரத்துக்குப் பின், அக்கரை நாணல்களிடையே ஓர் உருவம் ஏறி மறைந்தது.

மன்னர், பொழுது விடிவதற்குள் அந்த முகத்தைச் சிதைக்குமாறு அரிஞ்சிகைக்கு ஆணையிட்டார்.

அவள் குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை. "சிதைக்க மாட்டேன், மன்னர்மன்னா. அறியாமல் ஒரு பொய்யைச் செதுக்கிவிட்டேன். எஞ்சிய பாறையில் அவரைத் தங்களுக்கு நிகராக, அதே உயரத்தில் நிற்கவைப்பேன். அது முடியும்வரை உளியைக் கீழே வைப்பதில்லை. இது இந்த ஆற்றின்மேல் ஆணை. வேண்டாமென்றால், என் கையை வெட்டச் சொல்லுங்கள்."

வில்லாளர் மன்னரை நோக்கினர். மன்னர் வயிரமேகரை நோக்கினார், வெகுநேரம் நோக்கினார். ஆணை ஏதும் பிறக்கவில்லை. அரிஞ்சிகை மிதந்த துடுப்பை எட்டி எடுத்து, மலையை நோக்கித் தானே ஓடத்தைச் செலுத்தினாள்.