ஓர் ஆள் அகல வெயில்

"இறக்க மாட்டேன்னா இறக்க மாட்டேன். இன்னும் ஒரு தட்டு ஏத்தத்தான் போறேன். ஒன்னால ஆனதப் பாத்துக்க."

"ஒரு ஆள் உயரமாவது கொறைங்க அண்ணாச்சி. காலையில ரெண்டு மணி நேரம் எங்க முத்தத்துல வெயில் விழுந்தாப் போதும். பிள்ளைக்குப் பால் வத்திட்டு."

"அதுக்கு நான் என்ன செய்ய? சூரியன எங்க வீட்டுலயா கட்டிப் போட்டிருக்கேன்?"

மூன்று தட்டு உயர இரும்பு ஒளிமேடையில் குப்புறப் படுத்திருந்த ஆறுமுகநயினார் தலையைக்கூடத் திருப்பவில்லை. திரும்பினால் தோள்மடல் மடங்கும். மடங்கிய இடத்தில் வெயில் வீணாகும். கீழே அந்த மேடையின் நிழலுக்குள், நான்கு மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி தங்கபுஷ்பம் அண்ணாந்து நின்றிருந்தாள்.

பச்சையேற்றம் வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே ஊசி. ஆறு மாதத்தில் தோள்களிலிருந்து முதுகின்மேல் கட்டில் விரிப்பு அகலத்துக்கு மெல்லிய பச்சை மடல் வளர்ந்து தொங்கும். அதை விரித்து வெயிலில் படுத்தால் போதும். குடித்த தண்ணீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வைத்து மடலே சர்க்கரை சமைத்து ரத்தத்தில் விட்டுவிடும். வேலை இல்லாத குடல் நூலாகச் சுருங்கியது. நெல் விதைப்பவர் இல்லாமல் போனார்கள். 'சாப்பிட்டாச்சா' என்று கேட்ட ஊர் 'வெயில் ஆச்சா' என்று கேட்கத் தொடங்கியது. தன் உணவைத் தானே செய்துகொள்ளும் மரம் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை, இனி மனிதனும் போகமாட்டான் என்று அப்போது கூட்டம் போட்டுப் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட ஒரு காட்டுக்குள் நின்று, உயர்ந்த மரத்தின் அடியில் கன்றுகள் என்ன ஆகின்றன என்று குனிந்து பார்த்ததில்லை.

சோறு தின்ற காலத்தில், தூத்துக்குடியில் தங்கபுஷ்பத்தின் மாமனார் இந்த வீட்டை வாங்கியதே, உச்சி வெயிலிலும் முற்றம் குளுகுளுவென்று இருக்கும் என்பதற்காகத்தான். வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்து அந்தப் பெருமையைச் சொல்வார். காலையில் மட்டும் கிழக்கிலிருந்து இரண்டு மணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும். போன மாதம் ஆறுமுகநயினாரின் மூன்றாவது தட்டு அதையும் எடுத்துக்கொண்டது. பதிலுக்கு ஒரு மேடை கட்டலாம் என்றால், கடல்காற்று அரித்த சுவர் இரும்பைத் தாங்காது. ஒளி அலுவலகத்தில் போய் அழுதபோது, "வெளிச்சம் மேலேருந்துதானம்மா வருது. அப்ப மேல இருக்கவருக்குத்தான மொத உரிமை?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பழைய உப்பளத்தில் அவளுக்கும் கணவன் சிவபெருமாளுக்கும் சேர்த்து ஓர் ஆள் அகல இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு நாள் அவன், ஒரு நாள் அவள். இரண்டு உயிர் கிடக்க அது போதும். மூன்றாவது உயிருக்குப் பால் சுரக்கப் போதாது. இரண்டு வயதுக்கு முன்னால் குழந்தைக்கு ஊசி போட முடியாது. மாட்டுப்பால் என்பது தீவனத்தோடு போயிற்று. மிச்சமிருந்த ஆடுகள், வெயிலில் உறங்குபவர்களின் மடலைத் தழையென்று நினைத்து மேயத் தொடங்கியதால் ஊரை விட்டே ஓட்டப்பட்டன.

நேற்றிலிருந்து குழந்தை அழுவதை நிறுத்தியிருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவள் சேலைத் தலைப்பால் குழந்தையை மார்போடு இறுக்கிக் கட்டினாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளினாள். இரும்பு ஏணியில் காலை வைத்தாள்.

"ஏட்டி, எங்க ஏறுத? இறங்கு! இறங்குங்கேன்லா!"

மூன்றாவது தட்டில் அவள் தலை தெரிந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. ஒரு மாதமாகப் பழுத்துக் கிடந்த தோள்மடல் தானாகவே விரிந்தது. தண்ணீரைக் கண்ட ஆட்டுக்குட்டியைப்போல அது குடிக்கத் தொடங்கியதை அவளால் தடுக்க முடியவில்லை. அவளுடைய நிழல் ஆறுமுகநயினாரின் முதுகுக்குக் குறுக்கே விழுந்தது.

"நிழல எடு மூதி! எடு!" அவர் துள்ளி எழுந்தார். "என் வீட்டுக்குள்ள வந்து என் சோத்தப் பிடுங்குதியா?"

"பிடுங்க வரல. பிள்ளையப் பாருங்க அண்ணாச்சி. கண்ணு செருகுது."

அவர் பார்த்தார். வழவழப்பான கரும்பச்சை மடலும் கொழுத்த கழுத்துமாக ஓர் எட்டுப் பின்வாங்கினார். பிறகு முன்னைவிடக் கோபமாகக் கத்தினார்.

"பாத்து? பாத்து என்ன செய்யச் சொல்லுத? எனக்குள்ள ஊறுறத அள்ளி ஒம்பிள்ள வாயில ஊத்த முடியுமா? எங்கிட்ட என்னட்டி இருக்கு குடுக்க? போ, போயிரு!"

அவர் பொய் சொல்லவில்லை என்று தங்கபுஷ்பத்துக்குப் புரிந்தது. ஊரே தின்று தீர்க்க முடியாத அளவுக்கு அந்த உடம்பில் சர்க்கரை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கவளம்கூட அதிலிருந்து வெளியே வராது. மேடையை இப்போதே பிரிக்கத் தொடங்கினாலும், அவளுக்கு மறுபடி பால் ஊற நாட்களாகும். அத்தனை நாட்கள் குழந்தையிடம் இல்லை.

மேடையின் மறு ஓரத்தில் அவருடைய மருமகள் உலகம்மாள் பக்கவாட்டில் படுத்து, தன் பெண்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்தச் சத்தத்துக்கும் அவள் அசையவில்லை. குழந்தையின் கடைவாயில் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது.

"மருமவளே, அந்தப் பக்கம் திரும்பிப் படு!" என்றார் ஆறுமுகநயினார்.

தங்கபுஷ்பம் அவரைத் தாண்டி நடந்தாள். உலகம்மாளின் முன்னால் மண்டியிட்டாள். அவள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவளுடைய நிழல் உலகம்மாளின் மடலில்தான் விழுந்தது. நிழல் பட்ட இடத்தில் மடல் சிலிர்த்துச் சுருங்கியது. கேட்கிற ஒவ்வொரு கணமும், கேட்கும் அந்தப் பாலையே தான் வற்றவைப்பது அவளுக்குத் தெரிந்தது. வேகமாகக் கேட்டாள்.

"மதினி, இந்த ஒரு தடவ மட்டும். ஒங்க பிள்ளை குடிச்ச மிச்சம் போதும். இவனக் கொஞ்சம் வாங்கிக்கிடுங்களேன்."