மறைப்பு இல்லாத பாதை

மத்தியானம் மூன்று மணிக்கு ஜீப்பைக் கோபுரத்தடியில் நிறுத்தினோம். பூட்டிக் கிடந்த அறையில் துருவும் எலிப்புழுக்கையும் நாறின. மச்சான், என் மனைவியின் அண்ணன், சிக்னல் மீட்டரைப் போட்டார்.

"பாதிகூட இல்லையே மாப்ள."

எதிர் மலை ஆஸ்பத்திரிக்கு இருக்கும் ஒரே தொலைபேசி இணைப்பு எங்கள் ஆண்டெனா வழியாகத்தான். அங்கே என் மனைவி பிரசவ வலியோடு படுத்திருந்தாள். அவசரத்துக்கு ரத்தம் கேட்க வேறு வழியில்லை.

வெளியே வந்து பைனாகுலரில் பார்த்தேன். இரண்டு ஆண்டெனாக்களும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஒரு கிளை குறுக்கே நீண்டாலும் சிக்னல் சரியும். நீள்வதற்கு ஒன்றுமில்லை. கோபுரத்தை ஒட்டியிருந்த ஒரே மரத்தைப் போன மாதம்தான் வெட்டினோம்.

வெட்டியவரை எல்லோரும் அணில் என்பார்கள். அன்று அவர் மரத்தின் உச்சியில். நாங்கள் அறைக்குள், மீட்டர் முன்னால். கிளை கிளையாக விழுந்தும் மீட்டர் முள் அசையவில்லை.

"இன்னும் மறைக்குதுண்ணே, மேல போங்க" என்று மச்சான் வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இதுக்கு மேல வானம்தான் இருக்கு. ஏணி அனுப்புறீங்களா?" என்று சிரித்தார் அணில்.

அவர் விழுந்த நொடியில் முள் முழுசாக எழுந்தது.

மறைத்தது கிளையல்ல. அவர்தான்.

அவரை எரித்த பிறகும் இதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

உள்ளே திரும்பினேன். இப்போதும் மீட்டரில் அன்று அவர் விழுவதற்கு முன் இருந்த அதே அளவு. முள் லேசாக ஆடியது, ஒருவர் கால் மாற்றி நிற்பதுபோல.

பச்சை மரத்தின் வாசனை வந்தது.

"நீங்க சொன்னாத்தான் அவரு கேப்பாரு, மச்சான்" என்றேன், மெதுவாக.

மச்சான் வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"போதும்ண்ணே. தப்பு எங்களோடதுதான். இறங்கி வாங்க."

முள் எழுந்து நின்றது.

பத்தாவது நிமிடம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. ரத்தம் வேண்டுமாம். ஊருக்குத் தகவல் போய் வண்டி கிளம்பியது. பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை.

மச்சான் வெளியே, வெட்டவெளியில் நின்றிருந்தார். வாசலில் நின்றே இன்னொரு வாக்கிடாக்கியை அழுத்தினேன். "தாய்மாமன் ஆயிட்டீங்க மச்சான்."

அவர் கையில் வெறும் இரைச்சல்.

எங்களுக்கு நடுவே இருபதடி. ஒரு புல்கூட இல்லை.

நான் இடப்பக்கம் ஓரடி நகர்ந்து மறுபடி சொன்னேன். என் குரல் அவர் கையில் தெளிவாகக் கேட்டது. மச்சான் சிரிக்கத் தொடங்கினார்.

சொல்லி முடிப்பதற்குள், மெல்ல மெல்ல, இரைச்சலும் இடப்பக்கம் நகர்ந்து வந்தது.