கெண்டையின் தலை

மூன்று தரம் தேய்த்துக் கழுவிய குளியல் தொட்டியில் இன்னொரு செதில் கிடந்தது. பெருவிரல் நகமளவு. கிறிஸ்துநாயகம் அதை எடுத்துக் கழிவறைக்குள் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டான். விரலில் வழுவழுப்பு ஒட்டிக்கொண்டது. சவர்க்காரம் போட்டான், எலுமிச்சம்பழம் தேய்த்தான், போகவில்லை. முகர்ந்தால் வற்றிய குளத்துச் சேற்று மணம். மீன் தின்று வளர்ந்த மன்னார்க்காரனுக்கு மீனில் அருவருப்பு வருமென்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.

மீன் வீட்டுக்கு வந்தது போன புதன்கிழமை. எண்பத்தெட்டாம் ஆண்டு பெப்ரவரி பத்து. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் அந்த வீட்டின் மேல்மாடியில் அவனும் அறைத்தோழன் யூட்டும், கீழே வியட்நாம்காரர் பாவ். குசினியும் குளியலறையும் பொது. பாவ் ஒரு கெண்டையை உயிரோடு தொட்டியில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அவர்களுடைய சந்திர வருடப் பிறப்புக்கு ஒரு கிழமைதான் இருந்தது. விருந்துக்கு வாங்கியிருப்பார் என்று கிறிஸ்துநாயகம் நினைத்தான். வேறென்ன நினைப்பான்?

"அண்ணை, மனுசன் கேட்டால் என்ன சொல்லுறது?" என்றான் யூட்.

"சனிக்கிழமை வேற மீன் வாங்கிக் குடுப்பம். ஒரு வருசமா ஐஸில விறைச்சதைத்தானே தின்னுறம். கத்தியை எடு."

வெட்டிப் பலகையில் வைத்த பிறகும் தலை வாயைத் திறந்து மூடியது. குழம்பு கொதிக்கும்போது இன்னொரு தரம் திறந்ததாக யூட் சத்தியம் பண்ணினான். அவன் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "சேத்து மணம், அண்ணை" என்று துப்பிவிட்டான். கிறிஸ்துநாயகம் விடவில்லை. தலை எப்போதும் அவனுக்குத்தான். கண்ணை உறிஞ்சினான். செவுளைப் பிரித்துச் சப்பினான். உதட்டையும் உள்ளே இருந்த கொழகொழப்பையும் கடைசியாக வழித்துத் தின்றான்.

வேலை முடிந்து வந்த பாவ் குசினி வாசலில் நின்று சட்டியைப் பார்த்தார். அவர் கோபப்படாததுதான் பயமாக இருந்தது. இருவருக்கும் பொதுவான அரைகுறை டேனிஷில் மெல்லச் சொன்னார்.

"இன்று அடுப்புக் கடவுள் மேலே வானத்துக்குப் போகும் நாள். இந்த வருடம் அடுப்படியில் நடந்ததையும் பேசியதையும் அங்கே சொல்லுவார். கெண்டைதான் அவருக்கு வாகனம். ஏரியில் விட வைத்திருந்தேன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வேற ஒண்டு வாங்கித் தாறன்."

"அவர் ஏறிவிட்டார்." பாவ் இப்போது சட்டியைப் பார்க்கவில்லை, கிறிஸ்துநாயகத்தின் வாயைப் பார்த்தார். "புது வருடத்துக்கு முன் சொல்லி முடிப்பார். சொல்லாமல் விடமாட்டார்."

அன்றே பையை எடுத்துக்கொண்டு ஒடென்சேயில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

யூட் விழுந்து விழுந்து சிரித்தான். கிறிஸ்துநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் அந்த அடுப்படி மேசையில் வைத்துத்தான் அவனும் யூட்டும் குடும்பத்தை ஊரிலிருந்து கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தை நிரப்பினார்கள். மனைவி விக்ரோரியா. மகள் மேரிசெலின், வயது ஆறு. மேரிசெலின் அவன் பெற்ற பிள்ளை அல்ல, சுடுபட்டுச் செத்த தமையனின் பிள்ளை. தாயும் இல்லை. கைக்குழந்தையிலிருந்து வளர்த்தது விக்ரோரியாதான், பிள்ளை அவனைத்தான் அப்பா என்பாள். உண்மையை எழுதினால் பிள்ளையை விட்டுவிட்டு வா என்பார்கள். அதனால் பொய் எழுதினான். இத்தனை நாளும் யாரும் திரும்பிப் பார்க்காத அந்த விண்ணப்பத்துக்கு இப்போதுதான் பொலிஸிலிருந்து கடிதம் வந்திருந்தது. பதினாறாம் திகதி, விபூதிப் புதனுக்கும் பாவின் புது வருடத்துக்கும் முதல் நாள், பின்னேரம் நான்கு மணிக்கு நேரில் வரவேண்டும்.

அதற்குப் பிறகு அவன் தொட்டதெல்லாம் நாறியது. தொழிற்சாலையிலிருந்து இருட்டுக்குள் வந்து கதவைத் திறந்தால் காய்ந்து கிடக்கும் தொட்டியில் ஏதோ வாலடிக்கும் சத்தம் கேட்டது, தலையணையில் சேறு மணத்தது, எச்சில் கோழை போல் தடித்து உதட்டிலிருந்து அறுபடாமல் தொங்கியது. இருமினால் பல்லிடுக்கில் செதில். பல் விளக்கும்போது கண்ணாடியில் பார்த்தான். அவன் திறக்காமலே வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

திங்கட்கிழமை யூட் குசினி வாசலில் நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணை, ஆரோட கதைச்சனீங்கள்? அதுவும் நல்ல டேனிஷில?"

"நான் ஒண்டும் கதைக்கேல்லை."

"அடுப்பைப் பார்த்துக் கதைச்சனீங்கள். ஆர் எத்தினை மணிக்கு வந்தது, ஆர் என்ன சமைச்சது எண்டு, ஒண்டும் விடாமல்."

பொலிஸுக்குப் போகாமல் விட்டால் விண்ணப்பம் செத்தது. போனால் ஒரு சொல்லுக்கு மேல் பேசக்கூடாது. சால்வையால் தாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தான். காலையில் சால்வை ஊறிக் கொழகொழத்துக் கிடந்தது.

பொலிஸில் மொழிபெயர்ப்பாளர் இன்னும் வரவில்லை. பரவாயில்லை, ஒரு கேள்விதான் என்றார் அதிகாரி. மேரிசெலினின் படத்தை மேசையில் அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"இவள் உங்கள் மகளா?"

ஓம். ஒரே சொல். அது போதும்.

வாய் திறந்தது.

வந்தது வேறு குரல். பிசகில்லாத டேனிஷ். அவன் படிக்காத சொற்கள். குழம்பு கொதிப்பதுபோல் உள்ளிருந்து குமிழ் குமிழாய் வந்தது. வருடத்தின் முதல் நாளிலிருந்து தொடங்கியது. பாவ் தனியே இருந்து அழுதது. யூட் களவாகச் சிகரெட் குடித்தது. பிறகு அந்த மேசை. அந்தப் பேனை. தமையனின் பெயர்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். விரலிடுக்கால் சேற்றுத் தண்ணீர் வழிந்தது. உள்ளே நாக்கு நிற்கவில்லை. பல்லால் கடித்தான். இறுக்கிக் கடித்தான். குளிர்ந்த சதை. வலிக்கவில்லை. இரத்தமும் இல்லை.

துப்பினான்.

மேரிசெலினின் படத்தின் மேல் விழுந்த துண்டு துடித்தது. பேச்சு நிற்கவில்லை. அதிகாரி புதுத் தாள் ஒன்றை எடுத்து, நன்றாகக் கேட்பதற்காக அந்தத் துண்டின் பக்கம் குனிந்து, எழுதத் தொடங்கினார்.