வேர்வரை கறுப்பு

தாய்ப்பூனை கக்கிய முடி உருண்டையில் வெள்ளை முடி இருந்தது.

பெரியவர் குனிந்து பார்த்தார். பூனை வளர்க்கும் வீட்டில் முடி உருண்டை புதிதல்ல. நக்கி விழுங்கிய முடியெல்லாம் விரல் தடிமனுக்குத் திரண்டு, சளியும் பித்தமுமாக வெளியே வரும். ஆனால் வெள்ளை முடி இந்த வீட்டில் மூன்று தலைமுறையாகக் கிடையாது. இவர்கள் வளர்ப்பது ஒரே இனம். குட்டை முடி உடம்போடு ஒட்டிக் கிடந்து, மெருகேற்றிய தோல் செருப்புப் போல மின்னும். மூக்கு கறுப்பு, பாதத்துச் சதை கறுப்பு, முடியைப் பிரித்துப் பார்த்தால் வேரும் கறுப்பு. கண்கள் மட்டும் செம்புக் காசு. அந்த வீட்டுப் பூனை என்று சொன்னால் போதும், கண்காட்சி நடுவர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

இன்று மாலை அப்படியொரு நடுவர் வருகிறார், புதிய குட்டிகளுக்குச் சான்று தர.

"என்ன மாமா அது, வெள்ளையா தெரியுது?" மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"இந்த வீட்டுல வெள்ளைன்னா அது என் தலைதாம்மா."

"அப்ப உங்க தலையத்தான் நக்கியிருக்கு!" சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் அள்ளியபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. புளித்த பால் நாற்றம். அதற்கும் அடியில், மூடிவைத்த வாளித் தண்ணீரின் நாற்றம். அந்த நாற்றம் அவருக்குத் தெரியும்.

சில ஈற்றில் ஒரு குட்டி மார்பில் வெள்ளைத் திட்டோடு பிறந்துவிடும். மற்றவர் கண்ணில் படுமுன் பின்கட்டுக் குளியலறைக்கு எடுத்துப்போய், வாளித் தண்ணீரில் அமுக்கி, துடிப்பு நிற்கும்வரை பிடித்துக்கொள்வார். "செத்துப் பொறந்துச்சு" என்பார். எத்தனை என்று எண்ணியதில்லை. வம்சத்தின் பெயரைக் காப்பவன் களையைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும். இந்த முறை பிடுங்கியது முழு வெள்ளை. தாய் நக்கி உலர்த்தி, பால் கொடுத்துக்கொண்டிருந்த குட்டியை மடியிலிருந்தே பிரித்தெடுத்தார். குளியலறைக் கதவுக்கு வெளியே தாய் கத்தாமல் உட்கார்ந்திருந்தது. அவர் வெளியே வந்ததும் அவருடைய ஈர விரல்களை ஒவ்வொன்றாக நக்கியது. அன்றிலிருந்து தினமும் நக்குகிறது.

மத்தியானம் அவர் நாக்கில் ஒரு முடி தட்டுப்பட்டது.

இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது. வெள்ளை, அவருடைய நரையைப் போல முரடாக இல்லாமல், பிறந்த குட்டியின் மேல் இருப்பதுபோல மென்மையாக. வாய் கொப்பளித்துத் துப்பினார். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இன்னொன்று. நாக்குக்கு அடியில் ஒரு கற்றை. அதை இழுத்தபோது, உள்ளேயிருந்து ஏதோ திருப்பி இழுத்தது.

மழை மூட்டத்தில் கூடம் இருண்டிருந்தபோது நடுவர் வந்தார். குட்டிகளை விளக்கடியில் தூக்கி, முடியைப் பிரித்துப் பார்த்தார்.

"அப்பழுக்கு சொல்ல முடியாதுங்க ஐயா. வேர் வரைக்கும் கறுப்பு. வேற வீட்டுல இப்படிப் பார்த்ததே இல்ல."

பெரியவர் தலையை மட்டும் அசைத்தார். வாயைத் திறக்க முடியவில்லை. தாய்ப்பூனை அவர் மடியில் சூடாகக் கிடந்தது. அதன் செம்புக் கண்கள் அவர் உதட்டையே பார்த்தன.

"ஏன் மாமா, பேச மாட்டேங்கிறீங்க? ஐயா உங்களத்தான் பாராட்டுறார்."

தொண்டையில் ஏதோ உருண்டது. விழுங்கினார். ஏறியது. மறுபடியும் விழுங்கினார்.

வாளித் தண்ணீரின் நாற்றம்.

நாற்காலியிலிருந்து சரிந்தார். கையும் காலும் ஊன்றி நின்றார். கழுத்து நீண்டது. வயிறு ஒட்டி ஒட்டி எக்கியது, பூனைக்கு எக்குவதுபோல. மருமகள் ஓடிவந்தாள். அருகில் வந்ததும் நின்றுவிட்டாள்.

விழுந்தது.

நடுவரின் காலடியில். கைப்பிடி அளவு. சளி சொட்டச் சொட்ட. வெள்ளை.

நடுவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தாய்ப்பூனை மட்டும் நிதானமாகப் போய் அதை முகர்ந்தது. பக்கத்தில் படுத்தது. மேலே மூடியிருந்த சளிப்படலத்தைப் பல்லால் கிழித்து, நக்கத் தொடங்கியது. தலை, கழுத்து, வயிறு.

படலத்துக்குள் ஒரு சிவந்த வாய் திறந்து முலையைத் தேடியது.

பெரியவரின் தொண்டையில் அடுத்தது அசைந்தது.