பெயர் சொல்லி அழைத்தவள்

மேற்கு மலைத்தொடரின் தோளில் சூரியன் சாய்ந்து, அருவிகளைக் கடந்து வந்த சிற்றாற்றின் நீர் உருக்கிய செம்பைப் போல் ஒரு கணம் ஒளிர்ந்து, பிறகு மெல்ல மெல்ல ஈயத்தின் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்த வேளையில், கிழக்கே பனங்கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பங்குனி மாதத்து முழுநிலா எழும்பிக் கொன்றைக்கோட்டையின் மதிலை எட்டிப் பார்த்தது. கோட்டைக்குள் பறையும் உறுமியும் முழங்கின. காளி புறப்படும் நாள் அது.

வாசகர்களே, மதிலில் ஏறி நின்று அக்கரையை நாம் சற்றுக் கூர்ந்து பார்த்திருந்தால், தாழம்புதர்களின் நிழலில் தோணிகள் சில பதுங்கிக் கிடப்பதைக் கண்டிருப்போம். கொன்றைக்கோட்டையின் பகையான புலிக்கல் பாளையத்துத் தோணிகள் அவை. அவற்றில் வேலோடு குந்தியிருந்தவர்கள் ஒரே ஒரு மனிதனை நம்பி வந்திருந்தார்கள். அந்த மனிதனோ கோட்டைக்குள், ஆசாரியின் கொட்டிலில், ஒரு முக்காலியின்மேல் கண்களை மூடி அமர்ந்திருந்தான்.

கோட்டையில் அவனுக்குச் செண்பகராமன் என்று பெயர். மூன்று வருஷங்களுக்கு முன் வேலை தேடி வந்த குதிரை வீரன். மதங்கொண்ட யானையிடமிருந்து கோட்டையின் அதிபதி திருமலைக்கொழுந்தரைக் காப்பாற்றியதிலிருந்து அவருடைய மெய்க்காவலர் தலைவன். அக்கரையில் அவனுக்கு வேறு பெயர். புலிக்கல் பாளையத்துத் தலைவன் ஆண்டுகொண்டான் என்பவனின் உடன்பிறந்த தம்பி இருளப்பன் அவனே. உளவு பார்க்க வந்தவன்.

கொன்றைக்கோட்டையின் நீர்வாசல் ஆண்டுக்கு ஒருநாள் காளிக்காக மட்டுமே திறக்கும். கதவின் குறுக்கே கிடக்கும் கணையமரத்தைப் பூட்டும் இரும்பு முளையை உருவும் உரிமை, காளியின் மரமுகம் தரித்து ஆடுபவனுக்கே உண்டு. இந்த ஆண்டு ஆடும் முறை செண்பகராமனுடையது. ஆற்றங்கரையில் ஆடி முடித்துத் திரும்புகையில் முளையை அவன் காவற்காரன் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த முளை ஆற்றில் விழுந்துவிட்டால் அன்றிரவு நீர்வாசலைப் பூட்ட முடியாது. அண்ணன் அனுப்பிய கட்டளை அவ்வளவுதான்: முளையை ஆற்றில் போடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

“அசையாம இரும்,” என்றார் மூக்கன் ஆசாரி, முகத்தின் உட்பக்கத்தை உளியால் சுரண்டியபடியே. அத்திமரத்தில் ஆண்டுதோறும் புதிதாகச் செதுக்கும் முகம் அது. வெளிப்பக்கம் எந்தக் காலத்திலும் மாறுவதில்லை. அதே பிதுங்கிய கண்கள், அதே சிவந்த நாக்கு. உட்பக்கத்தைத்தான் ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷத்து ஆளுக்குத் தக்கபடி குடைவார்கள். “தாடை பெருசு உமக்கு. நாடு நாடா தின்னு வளந்த தாடை.”

“உம்ம மூக்குக்கு இது தேவலை ஆசாரியாரே.”

“என் மூக்கை விடும். எங்க அப்பன் பேரு வைக்கும்போதே அதைப் பாத்துத்தான் வச்சிருக்கான்.” திருவிழா நாட்களில் ஆசாரி யாருக்கும் தலைவணங்க வேண்டியதில்லை. அதிபதியைக்கூட ‘வாரும் போம்’ என்று பேசுவார். “சிரிப்பு இருக்கட்டும். இதைக் கட்டிட்டா உமக்குப் பேரு கிடையாது. யாரு கூப்பிட்டாலும் திரும்பப்படாது. ஆத்தங்கரையில உம்மைச் சேந்த பொம்பளை பேரைச் சொல்லிக் கூப்பிடுவா. அப்பத்தான் நான் கயித்தை அவுப்பேன்.”

“பேரை மாத்திக் கூப்பிட்டுட்டா?”

ஆசாரியின் உளி நின்றது. “வெளையாட்டா கேக்கீரு. எங்க தாத்தன் காலத்துல கூத்தன்னு ஒருத்தன். ரெட்டைப் பிள்ளை. அவுக ஆத்தா அவசரத்துல மத்தவன் பேரைச் சொல்லிட்டா. முகம் கழண்டு வந்துட்டு, உள்ள இருந்த ஆளு வரலை. சாகுத வரைக்கும் குளத்தங்கரையில உக்காந்து கெடந்தான். பெத்தவளையே தெரியலை.”

செண்பகராமன் சிரித்துவிட்டான். அவன் அக்கரையில் பிறந்தவன். அக்கரையில் இந்த வழக்கம் கிடையாது. ஆனால் கொன்றைக்கோட்டையில் பிறந்த எவரும், ஏழு மாடத்து மாளிகையில் வளர்ந்தவர்கள்கூட, அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்ததில்லை. இந்தச் சிறிய வேற்றுமையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அப்போது வாயிலில் சிலம்பொலி கேட்டது. அரளிமாலைத் தட்டை ஏந்தி, அதிபதியின் ஒரே மகள் குழல்வாய்மொழி நாச்சியார் உள்ளே வந்தாள். ஆசாரி உளியைத் துடைத்துக்கொண்டு, பசை காய்ந்துவிட்டதா பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்தபடி வெளியேறினார். பசை அவர் கையிலேயே இருந்தது.

செண்பகராமனுக்கு அந்தக் கோட்டையில் தாயில்லை, தமக்கையில்லை. உற்றார் இல்லாதவனை ஒரு கன்னிப்பெண் பெயர் சொல்லி அழைத்தால் அவளே அவனுக்கு உரியவள் என்பது வழக்கம். கொன்றைக்கோட்டைப் பெண்கள் கணவன் பெயரை ஆயுளில் ஒரேயொரு முறை உரக்கச் சொல்வது அந்த ஆற்றங்கரையில்தான். இன்று அழைக்கப்போவது யார் என்று ஊருக்கே தெரியும். அதிபதியும் தெரிந்துகொண்டே மௌனமாக இருந்தார்.

“உங்களை ஒன்னு கேக்கணும்,” என்றாள் நாச்சியார். “முகம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டாத்தான் உண்டு.”

“கேளுங்க நாச்சியார்.”

“உங்க பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டா, நீங்க திரும்புறதுக்கு ஒரு மூச்சு நேரம் ஆகுது. வந்த நாள்லருந்து பாக்கேன். மத்தவங்க உடனே திரும்புவாங்க. நீங்க ஒரு மூச்சு கழிச்சுத்தான்.”

அவன் முகத்தில் எதுவும் அசையவில்லை. “குதிரைக் குளம்புச் சத்தத்துல காது கொஞ்சம் மந்தம்.”

“காதுதானா?” அவள் மாலையின் நூலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். “எங்கிட்ட சொல்லவேண்டியது எதுவும் இல்லையா? எதுன்னாலும் சரி. நான் கோவப்பட மாட்டேன்.”

அந்தக் கணத்தில் அவன் வாய் திறந்திருந்தால் இந்தக் கதையை நான் இப்படி எழுத நேர்ந்திராது. உண்மை அவன் நாக்கின் நுனிவரை வந்தது. அக்கரைத் தோணிகளும் அண்ணனின் முகமும் கூடவே வந்தன. “ஒன்னும் இல்ல நாச்சியார்,” என்றான்.

அவள் தலையசைத்தாள். மாலையைத் தட்டோடு முக்காலியருகே வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனாள்.

அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. சென்ற ஆண்டு குதிரையிலிருந்து விழுந்து ஜுரத்தில் பிதற்றியபோது, “அம்மா, புலிக்கல்லுக்கு உன் மகன் இருளப்பன் வந்துட்டேன், கதவைத் தொற,” என்று அவன் கெஞ்சியதை, மருந்துக் கிண்ணத்தோடு வந்த அவள் ஒருத்திதான் கேட்டாள். பகைவனின் தம்பி என்று அறிந்தும் தந்தையிடம் சொல்லவில்லை. அவனே ஒருநாள் தன்னிடம் சொல்வான் என்று ஓராண்டு காத்திருந்தாள்.

முகம் ஏறியது. அத்திமரத்தின் பச்சை வாசனை மூக்கை அடைத்தது. உலகம் இரண்டு சிறிய துளைகளாகச் சுருங்கியது. பின்தலையில் ஆசாரி கயிற்றை முடிந்ததும் வெளியே குலவை எழுந்தது. நேற்றுவரை தோளில் தட்டிப் பேசியவர்கள், அவனிடம் சீட்டில் தோற்றுத் திட்டியவர்கள், எல்லோரும் தெருவில் விழுந்து கும்பிட்டார்கள். ஒரு பெண் தன் கைக்குழந்தையை அவன் பாதத்தருகே மண்ணில் கிடத்தினாள். அவன் ஆடினான். எப்படி ஆடினான் என்று அவனுக்கே பிறகு நினைவில்லை.

நீர்வாசலில் கூட்டம் விலகி நிற்க, காவற்காரர் சுடலை மட்டும் கதவருகே கைகூப்பி நின்றார். தினமும் செண்பகராமனோடு வெற்றிலை போட்டுக்கொள்கிற கிழட்டுப் போர்வீரர். காளி முளையை உருவுவதற்குமுன் காவற்காரன் ஒரு வேண்டுதல் சொல்லலாம்.

“தாயி, எனக்கு ஒன்னும் வேண்டாம்,” என்றார் சுடலை தாழ்ந்த குரலில். “செம்பகராமன்னு ஒரு தம்பி இருக்கான். எங்கிருந்தோ வந்த பய. ராத்திரி குளிருல என் காவலையும் அவனே பாத்துட்டு என்னைத் தூங்கச் சொல்லுவான். எங்க நாச்சியாரு அவனைத்தான் நெனைச்சிருக்கு. அந்த ரெண்டையும் நல்லபடியா சேத்து வச்சிரு தாயி. அவன் எனக்கு வெத்திலைக்கடன் வேற குடுக்கணும், அதையும் மறந்துராதே.”

முகத்துக்குள் அவன் கண்கள் நிறைந்தன. துடைக்க வழியில்லை. தன் காதுபடத் தனக்காக ஒருவர் வேண்டிக்கொள்வதை யார் கேட்டிருக்கிறார்கள்? பொய்யென்று அவன் நினைத்து உடுத்தியிருந்த அந்தப் பெயருக்குள், அவனறியாமலேயே ஒரு மனிதன் வளர்ந்திருந்தான். சுடலைக்கு நண்பன் அவன். குதிரைகளுக்குப் பழகிய குரல் அவன் குரல். நாச்சியாரின் மனத்தில் இருப்பவனும் அவனே. இருளப்பனை இவர்களில் யாருக்கும் தெரியாது. ஏன், இருளப்பன் எப்படிப்பட்டவன் என்பது அவனுக்கே மங்கிப்போயிருந்தது.

முளையை உருவிக் கச்சையில் செருகினான். வாசற்படியைக் கடந்த அந்த நேரத்தில் அவன் முடிவு செய்துவிட்டான். முளை ஆற்றில் விழாது. அது சுடலையின் கைக்கே திரும்பும். அவள் ‘செண்பகராமன்’ என்று அழைப்பாள், இம்முறை மூச்சு விடுமுன் திரும்புவான். அத்தோடு இருளப்பன் என்ற பெயரை ஆற்றோடு விட்டுவிடுவான். உண்மையை நாளைக் காலையில், அவளுடைய கணவனாக, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சிற்றாற்றின் மணலில் நிலவொளி பரவிக் கிடந்தது. அதிபதி திருமலைக்கொழுந்தர் வெண்பட்டுடுத்தி, பரிவாரத்தோடு படித்துறையில் நின்றார். அவன் முழங்கால் நீரில் இறங்கி நிலவை நோக்கி நின்றான். பறைகள் ஓய்ந்தன. முதுகுக்குப் பின்னால் ஆசாரியின் விரல்கள் கயிற்றின் முடிச்சில் காத்திருந்தன.

படித்துறையின் உச்சியில் நாச்சியார் முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றதைச் சேடிப்பெண்கள் வெட்கம் என்று எண்ணினார்கள். கூத்தன் கதையைத் தொட்டிலிலேயே கேட்டு வளர்ந்தவள் அவள். பொய்ப் பெயரைச் சொன்னால் அவன் வாழ்நாள் முழுதும் அந்த முகத்துக்குள்ளேயே கிடப்பான். மெய்ப் பெயரைச் சொன்னால் தந்தையின் வாள். ஆனால் பெயர் சொன்னவளுக்கே அவன் உயிர் சொந்தம் என்பதும் வழக்கம்தானே? வழக்கத்தை மீறாதவர் அவள் தந்தை. அவன் பிழைப்பான், முழு மனிதனாகப் பிழைப்பான். அவள் அப்படித்தான் கணக்கிட்டாள்.

“இருளப்பன்,” என்றாள்.

நீரில் நின்ற உருவம் திரும்பவில்லை.

“புலிக்கல் பெரியவர் மகன் இருளப்பன். முகத்தை விட்டு வெளிய வாங்க.”

கயிறு அவிழ்ந்தது, அவன் திரும்பினான். வியர்வையும் கண்ணீருமாக ஒரு மனித முகம் நிலவில் தெரிந்தபோது, அவன் விழிகளில் இருந்த திகைப்பைக் கண்டு, இறங்க எடுத்த காலை நாச்சியார் படியிலேயே வைத்துவிட்டாள். மீட்கப்பட்டவனின் முகமாக அது இல்லை.

திருமலைக்கொழுந்தர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கை வாளின் பிடியில் இருந்தது, ஆனால் உருவவில்லை. “நீர் ஆண்டுகொண்டானின் தம்பியா?”

“ஆமாம், மகாராஜா.”

“மூன்று வருஷம் எம் பந்தியில் உண்டீர். நீர்வாசல் முளை எங்கே?”

அவன் கச்சையிலிருந்து எடுத்து இரு கைகளாலும் நீட்டினான். “ஆத்துல போடச் சொல்லித்தான் எங்க அண்ணன் சொன்னார். போடலை.”

“போட நேரமில்லை என்று சொல்லும்.”

நீட்டிய கைகளை அவன் தாழ்த்தவில்லை. முகத்துக்குள் எடுத்த முடிவுக்குச் சாட்சி யார்? காளி ஒருத்திதான். அவளோ இப்போது ஆசாரியின் கையில் வெறும் மரமாக இருந்தாள்.

“அக்கரையில் எத்தனை பேர்?”

“கேக்காதீங்க. வாசலைப் பூட்டிருங்க, அது போதும்.”

அதிபதி முளையை ஏந்தியிருந்த கைகளைப் பார்த்தார். யானையின் காலடியிலிருந்து தம்மை இழுத்துப்போட்ட கைகள் அவை. “பெயர் சொன்னவளுக்கு இவன் உயிர் சொந்தம்,” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. “அதனால் எம் வாளுக்கு இங்கே வேலையில்லை. ஆனால் புலிக்கல் இருளப்பனுக்கு யாம் பெண் கொடுப்பதற்கில்லை. செண்பகராமன் என்று இங்கே ஒருவர் இருந்தார். கேட்டிருந்தால் அவருக்குக் கொடுத்திருப்போம்.” முளையை வாங்கிக்கொண்டு திரும்பி நின்றார். “ஆற்றைக் கடந்து போம்.”

நாச்சியார் நீர்விளிம்புவரை ஓடி வந்தாள். சேலையின் கரை நனைந்தது. “உங்களைக் காப்பாத்தத்தான் சொன்னேன். அந்தப் பேரைச் சொல்லியிருந்தா நீங்க அதுக்குள்ளேயே இருந்திருப்பீங்க.”

“தெரியும் நாச்சியார்.” அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “அந்தப் பேருக்குத் திரும்பணும்னுதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சாயங்காலம் கேட்டீங்க. அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லலை.” அவன் படித்துறையின் மேலே பார்த்தான். பூட்டுவதற்கு முளை இன்னும் வந்து சேராத கதவருகே சுடலை கைவிளக்கோடு நின்றிருந்தார். “சுடலையண்ணனுக்கு வெத்திலைக்கடன் பாக்கி. நீங்க குடுத்துருங்க.”

பிறகு அவன் நீரில் இறங்கினான். நிலா இருந்த வழியாகவே நீந்தினான். பின்னால் நீர்வாசல் மூடி, கணையமரத்தில் முளை அடிபடும் ஓசை ஆற்றின்மேல் தெளிவாகக் கேட்டது. அந்த ஓசையைக் கேட்டுத் தாழம்புதரில் யாரோ கெட்ட வார்த்தை சொல்லித் துடுப்பை வீசியெறிந்தார்கள்.

அக்கரையின் சேற்றில் கால் ஊன்றி எழுந்தான். உடலெல்லாம் நீர் வழிய, கன்னத்தில் அத்திமரத்தின் தடம் இன்னும் சிவந்திருக்க, திரும்பிக் கோட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். மதிலின்மேல் ஒரு சிறு வெண்மை அசையாமல் தெரிந்தது. அது அவளாக இருக்கலாம், சுண்ணாம்பு பூசிய கல்லாகவும் இருக்கலாம்.

“இருளப்பா,” என்று அவனுக்குப் பின்னால், மிக அருகில், ஒரு குரல் அழைத்தது. பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த அண்ணனின் குரல்.

அவன் திரும்புவதற்கு ஒரு மூச்சு நேரம் ஆயிற்று.