எதிர் வண்டி வந்து சேரும் முன்

மேசையை யாரும் தொடவில்லை. ஆனாலும் புவனேஸ்வரனின் தேத்தண்ணி கிளாஸ் நடுங்கியது. உள்ளே வட்ட வட்டமாகச் சிற்றலைகள் எழுந்து விளிம்பில் மோதின. ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் ஓயாமல் முனகியது. அந்த நடுக்கத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கும் போகாமல் நின்றுகொண்டிருக்கும் ஒரு டீசல் எஞ்சினின் நடுக்கம் அது. ஆனால் கேமரன் மலையில் ரயில் கிடையாது. தண்டவாளம் இந்த மலை ஏறியதே இல்லை. அதற்காகத்தானே இங்கே வந்து ஒதுங்கினார்.

கிம்மாஸிலிருந்து தும்பாட் வரை, காட்டுக்குள் போகும் ஒற்றைத் தடத்தில், பாசஞ்சர் வண்டி ஓட்டியே அவருடைய இடுப்பும் தூக்கமும் போயிருந்தன. மனைவி போன பிறகு மகள் வாணியோடு வந்துவிட்டார். வாணி பிரிஞ்சாங்கில் டீச்சர். தேயிலைத் தோட்டத்துக்குள், முன்பு தோட்டத்துக் கணக்கர் குடியிருந்த பழைய கிராணி வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்திருந்தது. குளிர், பனி, கொழுந்து வாசனை, வேறொன்றுமில்லை. நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தார். பாவம், தூக்கம் அவரை நினைக்கவில்லை.

சில நாளாக, மலையைப் பனி மூடும் சாயங்கால நேரத்தில் இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால், தேயிலைச் சரிவுக்குள்ளிருந்து. பக்கத்து வீட்டு வேலம்மாவிடம் கேட்டும் பார்த்தார்.

"பேக்டரி ஜெனரேட்டரா இருக்கும் லா, டிரைவரய்யா. இங்க எங்கருந்து ரயில் வந்துச்சு?"

"பேக்டரிக்கு இன்னிக்கு லீவும்மா."

"அப்ப காதுல கோளாறு. கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்க."

காதில் கோளாறு இல்லை என்று அவருக்குத் தெரியும். நீராவி ஓய்ந்த பிறகு கப்பலில் வந்து இறங்கிய பழைய இங்கிலாந்து எஞ்சின்களில்தான் அவர் தொழில் பழகினார். அதற்குப் பிறகு ஜப்பான்காரன் எஞ்சின் வந்தது. இப்போது இரண்டு முனையிலும் டிரைவர் உட்காரும் புது வண்டி ஓடுகிறதாம், எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலையே இல்லையாம். இந்தச் சத்தம் பழைய எஞ்சினுடையது. அதில் டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றாது. ஜெனரேட்டரைச் சுற்றும்; அந்தக் கரண்டு போய் அச்சிலிருக்கும் மோட்டாரைச் சுற்றும். அதனால் வண்டி நின்றாலும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். அதையும் தூங்க விடமாட்டார்கள். அந்த எஞ்சின்களையெல்லாம் எப்போதோ உடைத்து இரும்புக்குப் போட்டாயிற்று.

அது எதற்காக நிற்கிறது என்பதுகூட அவருக்குப் புரிந்துவிட்டது. எதிர் வண்டிக்காக நிற்கிறது. ஒற்றைத் தடத்தில் அதுதான் முறை. பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல்பைக்குள் ஒரு சாவி இருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அந்த வண்டிக்குத்தான் பாதை. எதிர் வண்டி வந்து சேர்ந்த பிறகே நிற்கிற வண்டிக்கு வளையம் கிடைக்கும். தினமும் வாணியின் கார் வாசலுக்குள் நுழைந்ததும் மலைக்குள் எஞ்சின் பெருமூச்சு விட்டு அடங்கியது. தோட்டத்து ரோடும் ஒற்றை ரோடுதான். ஒரு பக்கம் மண்சுவர், ஒரு பக்கம் பள்ளம். இதை வாணியிடம் எப்படிச் சொல்வது? அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அழுவாள்.

போன் அடித்தது.

"அப்பா, கியா பார்ம்ல ஒரே ஜேம். இப்பத்தான் தோட்டத்து ரோட்டுல திரும்பினேன்."

"மெதுவா வாம்மா. இங்க கண்ணே தெரியல."

அவர் வாசலுக்குப் போய் நின்றார். பனி கேட்டைத் தாண்டி முற்றத்துக்கே வந்திருந்தது. டீசல் புகை மூக்கைக் கரித்தது, அதற்கடியில் சூடேறிய எண்ணெயும் ஈரத் துணியும் கலந்த நெடி, நெரிசலான பெட்டியில் கோழிக்கூடையும் காய்கறி மூட்டையுமாக ஜனம் உறங்கும்போது வரும் அதே நெடி. கால் வலித்தது. உட்காரலாமா என்று நினைத்தார். கண் தானாகச் சொருகியது.

பனிக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது.

வெள்ளைச் சட்டைக் கை. தோளுக்கு மேல் எதுவுமில்லை, பனி மட்டும். விரல்களில் பிரம்பு வளையம். ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஓடும் வண்டிக்குத் தூக்கிப் பிடிப்பது போலவே, சற்றுச் சாய்த்து.

அவர் யோசிக்கவில்லை. எத்தனை ஆயிரம் தடவை செய்த வேலை. வலது கை தானாக மடங்கி நீண்டது. வளையம் முழங்கையில் வந்து விழுந்தது.

ஐயோ.

எதிர் வண்டி இன்னும் வந்து சேரவில்லை.

"வேணாம்," என்றார். "திரும்ப வாங்கிக்குங்க. என் பொண்ணு ரோட்டுல இருக்கா."

அந்தக் கை அங்கே இல்லை. வளையத்தைக் கழற்றிக் கீழே போட்டார். போடப் பார்த்தார். பிரம்பு சதையோடு ஒட்டிக் கிடந்தது. மலைக்குள் பிரேக் தளரும் சீறல். பிறகு எஞ்சினின் உறுமல் ஒரு படி ஏறியது. இன்னொரு படி.

மகளுக்குப் போன் போட்டார்.

"அப்பா, எதிர்ல லைட் வருது. பெரிய லோரி போல."

"காடிய நிறுத்து. இறங்கு. மேட்டுல ஏறிக்க."

"எங்க ஏறுறது? சுவர்தான் இருக்கு. அப்பா, ரொம்பக் கிட்ட வந்துருச்சு..."

போனில் அவள் மூச்சு மட்டும். பிறகு வாணி சிரித்தாள். சுமையை இறக்கி வைத்தவள் சிரிப்பது போல.

"நீங்களா? பயந்தே போயிட்டேன். ஜன்னல் வழியா கைய நீட்டிக்கிட்டு... இது என்னப்பா கையில, வளையம்?"

"வாணி, நான் வீட்டுல இருக்கேன்."

அவளுக்குக் கேட்கவில்லை. கார்க் கதவு திறந்தது. சரளையில் அவள் காலடி.

"கொஞ்சம் நிறுத்துங்க. நானும் ஏறிக்கிறேன்."

"ஏறாத. வாணி. ஏறாத."

இரும்புப் படி. இன்னொன்று. யாரோ நகர்ந்து இடம் கொடுக்கும் சரசரப்பு.

கீழே பனி சற்றே விலகியது. ரோட்டில் அவள் கார் நின்றது, கதவு திறந்தபடி, விளக்கு எரிந்தபடி. அதைத் தாண்டி, பாதையே இல்லாத தேயிலைச் சரிவின் மேல், மஞ்சள் ஜன்னல்கள் வரிசையாக ஊர்ந்து போயின. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை சாய்ந்திருந்தது. ஒன்றுகூட அசையவில்லை.

"எல்லாரும் தூங்குறாங்கப்பா," என்றாள் வாணி மெதுவாக. "எனக்கும் தூக்கம் வருது."